தக்காளி சிவக்காமைக்கு வித்தினுள் உள்ள காரணம்

இராயக்கோட்டையை அடுத்த கிராமமொன்றில் குடியானவர் ஒருவர், கலப்பினத் தக்காளிப் பழங்களில் நல்லவற்றைப் பொறுக்கி விதையெடுத்து, மறுபோகத்தில் நடவு செய்தார். செடிகள் செழித்தன, காய்ப்பிலும் குறைவில்லை. ஆயினும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செடிகளில் காய் முற்றியும் சிவக்காமல் வெளிர்மஞ்சளாகவே நின்றுவிட்டது. நான் சாம்பல் சத்துக் குறைவென்றெண்ணிப் பொட்டாஷ் இடச் சொன்னேன், பயனில்லை. பின்னர் மாங்காய்க்குச் செய்வதுபோல் எத்திலீன் வாயு ஊட்டினோம். உடனிருந்த மற்றக் காய்கள் பழுத்தன, இவை பழுக்கவில்லை. என் யோசனை இரண்டும் பிழையென்று ஒப்புக்கொள்வதே முறை. குற்றம் மண்ணிலன்று, வித்தில்.

தக்காளியின் உயிரணு ஒவ்வொன்றிலும் 12 ஜதை குரோமோசோம்கள் உண்டு. அவற்றுள் டி.என்.ஏ. என்னும் இரட்டைச் சுருளிழை அமைந்துள்ளது. இவ்விழையில் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துக்களால் செடியின் குணங்கள் யாவும் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தியா உட்படப் பல தேசத்து ஆராய்ச்சியாளர் கூடி, 2012-ம் வருஷத்தில் இதனைப் படித்து வெளியிட்டனர். சுமார் 90 கோடி எழுத்துக்களில் 35,000 ஜீன்கள் அடங்கியுள்ளன. பழத்தை மென்மையாக்கும் ஜீன் இலையிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அது உறங்குகிறது. மடை பல இருப்பினும் முறை வந்த வயலுக்கே நீர் திறப்பதுபோல, ஜீன்களையும் காலமறிந்து திறப்பவை சில புரதங்களாம்.

அவை திறக்கும் விதம் விநோதமானது. பச்சை மூங்கில் நீளமாயிருப்பின் தானே வளையும், முழத்துண்டு வளையாது. டி.என்.ஏ. இழையும் அத்தகையதே. 150 எழுத்துக்குட்பட்ட துண்டு விறைத்தே நிற்கும். அதை வளைப்பதற்குப் பிறிதொன்றின் பலம் வேண்டும். கடுகினத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு பூண்டின் புரதமொன்றை 1993-ல் எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தனர். சேணத்தின் வடிவுள்ள அப்புரதம், டி, ஏ எழுத்துக்கள் மிகுந்த 8 எழுத்திடத்தின்மேல் அமர்ந்து, தன் உறுப்புக்களை ஆப்புப்போல் எழுத்துக்களிடையே செருகி, இழையை ஏறக்குறைய 80 பாகை மடக்குகிறது. மடங்கிய அவ்விடத்தில் ஜீனைப் படியெடுக்கும் புரதங்கள் வந்து கூடுகின்றன.

சேணப் புரதம் பொதுப்பணியாளன். காய் பழுக்கவேண்டிய காலத்தை அறிவிப்பது ரின் என்னும் வேறொரு புரதம். இது மேட்ஸ் வகுப்பைச் சேர்ந்தது. மனித உடலில் இவ்வகுப்புப் புரதமொன்று இழையைச் சுமார் 72 பாகை வளைப்பதாக 1995-ல் கண்டனர். இவ்வகுப்பார் பற்றுமிடம், சி சி என்று தொடங்கி, நடுவில் ஏ அல்லது டி ஆறும், முடிவில் ஜி ஜி-யுமாகப் பத்தெழுத்துக் கொண்டது. எத்திலீனை உண்டாக்கும் ஜீன், சிவப்பு நிறத்துக்கான ஜீன், சதையை மென்மையாக்கும் ஜீன் ஆகியவற்றின் முன்னே ரின் பற்றுமிடம் உண்டு.

இனி, சிவக்காத தக்காளி 1968-ல் அறிவிக்கப்பட்டது. அதன் ஜீன் 2002-ல் பிடிபட்டது. ரின் ஜீனும் அதனை அடுத்த ஜீனும் எல்லையிழந்து ஒன்றாய் ஒட்டியிருந்தன. புரதம் கெட்டுப்போனதால் பழுக்கவில்லையென்றே நெடுங்காலம் கருதினர். 2017-ல் ஜப்பானியர் ரின் ஜீனை அடியோடு செயலற்றதாக்கியபோதோ, காய் ஓரளவு சிவக்கவே செய்தது! ஆகவே ஒட்டுப்புரதம் வெறும் சோம்பேறியன்று. பற்றவேண்டிய இடத்தைப் பற்றிக்கொண்டு திறக்கவிடாமல் தடுப்பது. எத்திலீன் ஊட்டியும் எம் காய்கள் மசியாதது இதனாலேயே.

இக்குறையையே வணிகத்தில் நன்மையாக்கினர். ஒட்டு ஜீன் ஒருபுறமும் நல்ல ஜீன் மறுபுறமுமாக அமைந்த கலப்பினத்தின் பழம் மெதுவாய்ச் சிவக்கும், தூரப்பிரயாணம் தாங்கும், ருசி சற்றுக் குறையும். அத்தகைய பழத்தில் விதையெடுத்தால், நாலில் ஒரு பங்கு செடிக்கு இருபுறமும் ஒட்டு ஜீனே வாய்க்கும். அது சிவக்காது. சொந்த விதை வேண்டுவோர் பி.கே.எம். 1 போன்ற கலப்பற்ற ரகங்களில் எடுப்பது தகும்.

சேதக் கணக்கெடுக்கும் கிராம நிர்வாக அதிகாரிகளும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோடை வெப்பத்தால் நிறம் குன்றினால் வயல் முழுவதும் ஒன்றுபோல் குன்றும். சாம்பல் சத்துக் குறைவில் பழத்தில் திட்டுத்திட்டாய்த் தோன்றும். வித்தின் குறையோ அங்கொரு செடி இங்கொரு செடியாகச் சிதறிக் காணும். அச்செடியில் ஒரு காயும் சிவக்காது. ஒட்டிக்கொண்ட மறு ஜீன் புல்லிவட்டத்தை ஆள்வதாகையால், அச்செடியின் பூவில் புல்லிகள் வழக்கத்தினும் பெரியவையாயிருக்கும். பூக்கும்போதே இதைக் கண்டால், உரமும் மருந்தும் செலவிடுமுன் அச்செடியைப் பிடுங்கிவிடலாம்.