எகிப்துப் பிரயாணத்தின் கடைசிக் கட்டம்

எகிப்திலிருந்து அத்திபெலேக்குத் திரும்பிய நாள் முதல், உறவினர் கூடும் இடங்களிலெல்லாம் என் சகலை ஒரே கதையைச் சொல்லி வருகிறார். பாலைவனத்துப் பானை ஓட்டைப் பார்க்க நான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனதனால்தான் கெய்ரோவில் விமானம் தவறியது, புது டிக்கெட்டுக்குத் தண்டம் அழ நேர்ந்தது என்பது அந்தக் கதை. அது உண்மைக்கு மாறானது. எங்களுக்கு நேர்ந்தது பின்னால் போகிறவர்களுக்கு நேராதிருக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தே என்னை எழுதத் தூண்டியது.

கீஸா பிரமிடுகள், அபு சிம்பல், நைல் நதிப் படகு, லக்சரில் விடியற்காலைப் பலூன் ஆகியவை எந்த ஏஜென்டின் அட்டவணையிலும் இருக்கும். அவற்றுக்கு என் யோசனை தேவையில்லை. விசாவும் அப்படியே. மிஞ்சிய எகிப்தியப் பவுண்டை மட்டும் அங்கேயே மாற்றிக்கொண்டு வாருங்கள்.

அட்டவணையில் இல்லாத ஊர் குசைர். இன்றைய குசைருக்கு வடக்கே ஏறக்குறைய 8 கிலோமீட்டரில், ரோமானியர் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் என்று பெயர்பெற்றிருந்த செங்கடல் துறைமுகம் மண்மேடாகக் கிடக்கிறது. 1978 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்ட ஓடுகள் அகப்பட்டன. பிற்பாடு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் எடுத்த சாடி ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் 2007இல் படித்து உறுதிசெய்தார். தெற்கே பெரனிகே துறைமுகத்தில் இந்தியச் சாடி ஒன்று ஏழரைக் கிலோ மிளகோடு மண்ணுக்குள் இருந்தது. கணனும் சாதனும் கப்பலேறிப் போய்ப் பிழைத்த கரையைப் பாராமல், பாப்பிரஸ் கடையிலும் அத்தர் கடையிலும் ஒரு பகல் முழுவதையும் செலவழித்துவிட்டு ஒரு தமிழ்க் குடும்பம் திரும்பலாமா? கூடாது என்பது என் அபிப்பிராயம். இன்னொரு முறை எகிப்து போக வாய்த்தாலும் நான் குசைருக்கே முதலில் போவேன்.

லக்சரிலிருந்து வடக்கே கிஃப்ட் வரை சென்று கிழக்கே திரும்பினால் வாதி ஹம்மாமாத் கணவாய். இந்தியச் சரக்கு ஒட்டகத்தின் மேலேறி நைல் நதிக்கரையை அடைந்த பாதை அது. வழியில் காவல் சாவடிகள் உண்டாகையால் எல்லோருடைய பாஸ்போர்ட் நகல்களையும் டிரைவர் கையில் கொடுத்து வையுங்கள். மேட்டின் ஓரத்தில் என் தம்பி மகன் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை எடுத்து நீட்டினான். ஒரு பக்கம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. மறுபக்கம் குயவன் விரல் ஓடிய வரிகள் நேற்று வனைந்தவைபோல் தெளிவாகத் தெரிந்தன. “ஒண்ணுதானே பெரியப்பா, பையில வச்சுக்கறேன்” என்று கெஞ்சினான். நான் சம்மதிக்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைக்கச் செய்தேன். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கடத்துவது குற்றம். விமான நிலையத்தில் பெட்டியை ஊடுருவிப் பார்க்கிறவர்களிடம் சிறுவன் என்ற சலுகை செல்லாது.

அன்றிரவே லக்சர் திரும்பி, உண்டு, உறங்கினோம். குசைரினால் ஒரு நாழிகைகூட நஷ்டமில்லை. நஷ்டம் மறுநாள் வந்தது. லக்சரிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு டிக்கெட், அன்றிரவே கெய்ரோவிலிருந்து வளைகுடா வழியாகப் பெங்களூருக்கு வேறொரு கம்பெனியில் வேறொரு டிக்கெட் என்று, சில ஆயிரம் ரூபாய் குறைகிறதென்பதற்காக ஏஜென்ட் பிரித்து வாங்கியிருந்தார். கெய்ரோவில் ஓரிரவு தங்கலாம் என்று நான் புறப்படுமுன்பே சொன்னேன். “வீண் செலவு, அண்ணா” என்று ஏஜென்டுக்குப் பரிந்து பேசியவர் என் சகலைதான். லக்சர் விமானம் தாமதமாயிற்று. டெர்மினல் மாறி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. அங்கிருந்த பெண்மணி எங்கள் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்து, இரண்டு பி.என்.ஆர். எண்களின் மேலும் பேனா முனையை வைத்துக் காட்டினார். எங்களை ஏற்றிவந்த விமானத்துக்கும் தங்கள் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஏஜென்ட் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

ஆகவே, புறப்பட்ட ஊரிலிருந்து வீடு திரும்பும் ஊர்வரை ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள். அது இயலாதென்றால் கடைசி இரவைக் கெய்ரோவில் கழியுங்கள். விமானம் தவறினால் யார் பொறுப்பு என்பதையும் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி நாங்கள் இழந்தது ஓர் இரவு விடுதிச் செலவைப்போல் பலமடங்கு.

நம் பக்கத்தவர்க்குத் தேவனஹள்ளியில் இறங்கியவுடன் பிரயாணம் முடிந்துவிடுவதில்லை. ஹெப்பாளும் சில்க் போர்டும் கடக்க வேண்டியிருப்பதால் விடியுமுன் வந்திறங்கும் விமானமே உத்தமம். பெட்டி குறைவாயிருந்தால் வாயு வஜ்ரா பஸ்ஸில் எலெக்ட்ரானிக் சிட்டி வரை வந்து, சந்தாபுரா வழியாக ஊர் சேரலாம். ஓசூர் வரை போகிறவர்கள் கர்நாடக டாக்ஸி பிடித்தால், எல்லை வரி யார் கணக்கில் என்பதை ஏறுமுன்பே பேசிக்கொள்ள வேண்டும்; அத்திபெலே சாவடியில் நின்று பேசத் தொடங்கினால் டிரைவர் சொன்னதே கணக்கு.