வெயிலூரில் ஒரு ஜீவசத்துப் பஞ்சம்

சித்திரை நண்பகலில் வைகை மணலை வெறுங்காலால் மிதித்தறிந்தவர்க்கு, மதுரையில் சூரிய கிரணம் போதவில்லை என்று ஒருவர் சொல்வாராயின் நகைப்பே உண்டாகும். ஆயினும் நம் நாட்டு நகரவாசிகள் பலருடைய இரத்தத்தில், வெயிலால் விளைவதாகிய வைட்டமின் டி என்னும் ஜீவசத்து குறைந்திருக்கக் காண்கிறோம். 2000-ஆம் ஆண்டில் வெளியான தில்லி ஆராய்ச்சி ஒன்று, நோயற்றவரிடையேயும் இக்குறை மிகுந்திருந்ததைக் காட்டிற்று; நெடும்பொழுது வெயிலில் நின்ற போர்வீரர் நிலை ஏனையோரினும் மேம்பட்டிருந்தது.

நாளொன்றுக்கு இச்சத்து எவ்வளவு வேண்டும்? இதற்கு விடை கூறும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நமக்கு அயலானதன்று. 1918-இல் நீலகிரிக் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் அறையொன்றில் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய ஆராய்ச்சியே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் இப்பெயர் பூண்டது. வெயில் காண வாய்ப்பு அரியவர்க்கு நாளும் 400 சர்வதேச அலகு வேண்டும் என 2010-இல் வகுக்கப்பட்டது. 2020-இல் அது 600 ஆயிற்று. 40 அலகு ஒரு மைக்ரோகிராமாதலின், 600 அலகாவது 15 மைக்ரோகிராம். மிகச் சிறிய துகளே. அமெரிக்க அறிஞரும் 600 என்றே கூறி, எழுபது கடந்தோர்க்கு 800 என்பர். இங்கிலாந்தார் 2016-இல் 400 போதும் என்றனர். இது கண்டு மயங்கவேண்டா. இரத்தத்தில் எவ்வளவு இருந்தால் போதும் என்பதில் இரு சாராரும் கொண்ட எல்லை வேறு.

இந்த 600 அலகை உணவிற் பெறுதல் எளிதோ? இட்டலியிலும் சாம்பாரிலும் அஃது இல்லை. ஒரு முட்டையில் சுமார் 40 அலகு உண்டு. நாளும் பதினைந்து முட்டை அளிக்க எந்த விடுதி இசையும்? மத்தி முதலிய கொழுப்பு மிக்க மீன்களில் ஓரளவு உண்டு.

ஆகவே வெயிலையே நாடவேண்டும். தோலிலுள்ள ஒருவகைப் பொருளைச் சூரியனின் புற ஊதாக் கிரணம் இச்சத்தாக மாற்றுகிறது. அக்கிரணம் ஜன்னல் கண்ணாடியைக் கடவாது. காலை இளவெயில் இதற்குச் சிறந்தது என்பது நம்மவர் நம்பிக்கை. உண்மை அதற்கு மாறானது. சூரியன் தாழ்ந்திருக்கையில் அக்கிரணம் காற்றுமண்டலத்தில் நெடுவழி கடந்து பெரும்பாலும் தேய்ந்துவிடும். முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையே இவ்விளைவு மிகுதி எனத் திருப்பதியிற் செய்த ஆய்வும் காட்டுகிறது. கடிகாரம் வேண்டாதார் அடியளந்து காண்க. தம் நிழல் தம் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையே தக்க வேளை. மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளமையால், மார்கழியிலும் நண்பகல் நிழல் ஆளுயரத்தில் மூன்றில் இரு பங்கே. இலண்டன் மாநகர்க்குக் குளிர்காலத்தில் இப்பேறு இல்லை.

பேறு இருந்தும் பயன் கொள்வார் யாவர்? மேலூர் வயலில் நாற்று நடும் பெண்டிர் கொள்வர். செல்லூர்த் தறியில் அமர்ந்திருப்போர், மாசி வீதிக் கடைகளில் நிற்போர், விடுதி அறையில் நூலோடு அடைந்திருக்கும் நம் மாணாக்கர் ஆகியோர் கொள்ளார். கறுத்த தோலினர்க்கு வெள்ளைத் தோலினரினும் நேரம் மிகுதியாக வேண்டும் என்பதும் இங்கே கருதத்தக்கது. இதற்காகக் கோடைவெயிலில் மயங்கி விழும்வரை நிற்கவேண்டா. ஓர் அளவுக்கு மேல் தோலே அச்சத்தைப் பயனற்ற பொருளாக மாற்றிவிடும்.

தோலுக்குள்ள இவ்வறிவு மருந்துக்கு இல்லை. கடைகளில் 60,000 அலகு கொண்ட மாத்திரையும் பொடியும் கிடைக்கின்றன. ஒன்றே நூறு நாளைத் தேவைக்கு ஈடாம். குறையுள்ளார்க்கு மருத்துவர் பெரும்பாலும் வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு இதை எழுதுவர். அதனை நாள்தோறும் விழுங்குவோர்க்கு இரத்தத்தில் சுண்ணச்சத்து மிகுந்து, வாந்தியும் தாகமும் கண்டு, சிறுநீரகமும் பழுதுறக்கூடும். வீட்டில் முதியோர் இருப்பின், இம்மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது நாளா வாரமா என்று இன்று மாலையே ஒருமுறை பார்த்துவிடுக.