எச்சரிக்கை வரிக்கும் இலக்கணம் உண்டு

நான் தமிழாசிரியை, நிரல் எழுதக் கற்றவளில்லை. ஆனாலும் எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தின் லினக்ஸ் கணினிகளுக்குச் சில கட்டற்ற மென்பொருள்களை மூலநிரலிலிருந்து நானே தொகுத்து நிறுவுகிறேன். பழைய தட்டச்சுப் பயிற்சி மென்பொருள்கள் சில மூலநிரலாக மட்டுமே கிடைக்கின்றன. தொகுக்க ஆளில்லை என்றால் நம் மாணவர்களுக்கு அவை இல்லை, அவ்வளவுதான். "திரை முழுக்க ஆங்கிலத்தில் எச்சரிக்கை ஓடுகிறதே, பயமாக இல்லையா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு.

எச்சரிக்கை வேறு, பிழை வேறு. 'வார்னிங்' என்று வந்தால் வேலை பொதுவாகத் தொடரும். 'எரர்' என்று வந்தால் நின்றுவிடும். அப்போது கடைசி வரியை வெறித்துப் பார்த்துப் பயனில்லை. மேலே சென்று முதல் 'எரர்' வரியைத் தேட வேண்டும். அடுத்து வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

பெரும்பாலான எச்சரிக்கை வரிகளின் அமைப்பு ஒன்றுதான்: கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, வரி எண், பிறகு செய்தி. கோப்பின் பெயர் '.சி' என முடிந்தால் அது நிரல். அதை நிரலாளருக்கே விட்டுவிடுகிறேன். 'மேக்ஃபைல்.ஏஎம்', 'கான்ஃபிகர்.ஏசி' போன்றவை தொகுப்புக்கான குறிப்புக் கோப்புகள். எந்தக் கோப்பை எங்கிருந்து எடுப்பது, கணினியில் எவை இருக்கின்றனவா என்று பார்ப்பது போன்றவற்றைச் சொல்பவை. இவற்றில் வரும் எச்சரிக்கைகளில் பல, பெயர் பழையதாகிவிட்டது என்பதையே சொல்கின்றன. சந்திப்பிழை திருத்தக் கவிஞராக இருக்க வேண்டுமா என்ன?

ஓர் எடுத்துக்காட்டு. 'இன்க்ளூட்ஸ்' என்பது 'ஏஎம்_சிபிபிஃப்ளாக்ஸ்' என்பதன் பழைய பெயர் என்று ஆட்டோமேக் எச்சரிக்கும். புதுப்பெயரையும் அதுவே சொல்லிவிடுகிறது! குறித்த வரிக்குப் போய்ப் பெயரை மாற்றுவேன். மாற்றும் முன், புதுப்பெயர் அதே கோப்பில் வேறு வரியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் இரண்டின் மதிப்புகளையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். 'கான்ஃபிகர்.இன்' என்ற கோப்புக்கு 'கான்ஃபிகர்.ஏசி' என்று பெயரிடச் சொல்லும் எச்சரிக்கையும் இப்படித்தான். ஆனால் பழைய பெயரை வேறு கோப்புகள் சுட்டியிருக்கலாம். 'கிரெப்' கட்டளையால் கோப்புறை முழுவதும் தேடி, அங்கும் மாற்ற வேண்டும்.

தொடும் முன் கோப்புறையைப் பிரதி எடுத்துவைப்பது கட்டாயம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே. பிறகு 'ஆட்டோரீகான்ஃப்', 'கான்ஃபிகர்', 'மேக்' என்ற வரிசையில் மீண்டும் ஓட்டிப் பார்ப்பேன். எச்சரிக்கையைத் திரையில் வராமல் அடக்கிவைக்கவும் வழிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விடைத்தாளில் சிவப்பு மையை அழிப்பது போன்றது அது.

வேலை முடிந்ததும் பழைய கோப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை 'டிஃப்' கட்டளையால் எடுத்து, எச்சரிக்கை வரியுடன் அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புவேன்.

ஒன்பதாம் வகுப்பில் இதை ஒரு பாடவேளையில் செய்து பார்க்கலாம். மூன்று எச்சரிக்கை வரிகளைக் கரும்பலகையில் எழுதி, கோப்பு எது, வரி எண் எது, பழைய பெயர் எது, புதிய பெயர் எது என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். கணினி கூடத் தேவையில்லை.