மணிக்கு 37 ரூபாய்: குறைந்தபட்சக் கூலியால் யாருக்கு லாபம், யாருக்குச் சுமை?



நம் மந்தைவெளிக் குடும்பங்களில் கூலி கொடுப்பவர்களும் உண்டு, வாங்குபவர்களும் உண்டு. சில வீடுகளில் இரண்டும் உண்டு. கணவர் ஒரு கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்பார்; அதே வீட்டுக்குப் பாத்திரம் துலக்க ஓர் அம்மா வந்து போவார். ஆகவே குறைந்தபட்சக் கூலியை முதலாளி பக்கமிருந்தோ தொழிலாளி பக்கமிருந்தோ மட்டும் பார்த்தால் நமக்குப் போதாது. இந்த மாதப் பாடத்தில் இரண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சட்டம் எதைக் கேட்கிறது?

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் வந்தது. இப்போது அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அடிப்படை ஒன்றுதான்: அரசு நிர்ணயித்த தொகைக்குக் கீழே யாருக்கும் கூலி கொடுக்கக் கூடாது. "அவரே சம்மதித்தார்" என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனம் தடுக்கும் கட்டாய உழைப்புக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் ராஜஸ்தான் பஞ்ச நிவாரணப் பணியாளர்கள் வழக்கில் கூறியது.

அந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுவது? 1957-இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவுகோல் வகுத்தது. ஒரு தொழிலாளி குடும்பத்தை மூன்று பேர் சாப்பாட்டு அளவாகக் கொண்டு உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, இவற்றோடு எரிபொருள், விளக்கு போன்றவற்றுக்கு 20 சதவீதம் என்பது அந்தக் கணக்கு. 1991-இல் இதற்கு மேலும் ஒரு பங்கு சேர்ந்தது. அது நம் சென்னையில் தொடங்கிய வழக்கு. ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத்தின் பஞ்சப்படி பற்றிய அந்த வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகைச் செலவு, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயிறு நிறைந்தால் போதும் என்பது கூலியின் அளவல்ல என்பதே அதன் பொருள்.

வீட்டு வேலைக்கும் உண்டு

தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-இல் நல வாரியம் அமைந்தது. ஆனால் கூலி நிர்ணயம் வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு, தனித்திறன் தேவைப்படாத வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று அரசு அறிவித்தது. குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி சென்னை நகர விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் மாறும். எனவே 37 என்பது தொடக்கம்தான். இன்றைய தொகையைத் தொழிலாளர் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தொழிலாளிக்கு என்ன ஆகிறது?

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் அம்மா நான்கு வீடுகளில் தினம் ஒன்றரை மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 6 மணி, மாதம் 26 நாள், மொத்தம் 156 மணி. மணிக்கு 30 ரூபாய் வீதம் 4,680 ரூபாய் வாங்கி வந்தவருக்கு 37 ரூபாய் ஆனால் 5,772 ரூபாய் கிடைக்கும். மாதம் 1,092 ரூபாய் கூடுதல். அவர் வீட்டில் ஒரு பிள்ளையின் டியூஷனுக்கோ மருந்துக்கோ அது ஆகும்.

இப்போது மறுபக்கம். கூலி கூடியதும் ஒவ்வொரு வீடும் "ஒரு மணி நேரம் வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டால்? நாளுக்கு 4 மணி, மாதம் 104 மணி, 3,848 ரூபாய். மணிக்கூலி உயர்ந்தும் மாத வருமானம் 832 ரூபாய் குறைந்துவிட்டது. துலக்க வேண்டிய பாத்திரம் குறையாமல் நேரத்தை மட்டும் குறைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதே வேலையை ஓடி ஓடிச் செய்து குறைவாக வாங்கிப் போகிறார்.

குறைந்தபட்சக் கூலியால் நன்மையா தீமையா என்ற விவாதமெல்லாம் இந்த இரண்டு கணக்குக்கு நடுவில்தான் நடக்கிறது.

சிறு வியாபாரிக்கு என்ன ஆகிறது?

எல்லா வியாபாரத்துக்கும் பாரம் ஒன்றல்ல. ஒரு பிரியாணிக் கடையில் மொத்தச் செலவில் நாலில் ஒரு பங்கு கூலி என்று கொள்வோம். கூலி 10 சதவீதம் ஏறினால் மொத்தச் செலவு இரண்டரை சதவீதம்தான் ஏறும். 120 ரூபாய் அடக்கமாகும் ஒரு பிளேட்டுக்கு 3 ரூபாய். ஒரு தையல் கடையில் செலவில் 60 சதவீதம் கூலி என்றால், அதே உயர்வு 6 சதவீதமாகிறது. 500 ரூபாய் அடக்கத்துக்கு 30 ரூபாய். பிரியாணிக் கடைக்காரர் சமாளித்துவிடுவார். தையல்கடைக்காரர் விலையை ஏற்றவோ, லாபத்தைக் குறைக்கவோ, ஓர் ஆளைக் குறைக்கவோ வேண்டிவரும். அவருடைய கவலை நியாயமானது.

ஆனால் குறைந்த கூலிக்கும் ஒரு மறைமுகச் செலவு உண்டு. ஆள் நிற்க மாட்டார். புதிதாக வருபவருக்குத் தொழில் பழக்கும் வரை துணியும் கெடும், நேரமும் கெடும். நல்ல கூலி கொடுக்கும் கடையில் பழகிய கை தங்கும்.

அமெரிக்காவில் 1992-இல் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு உயர்த்தியது. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அங்கும் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவகங்களை ஒப்பிட்டார்கள். எதிர்பார்த்தபடி வேலைவாய்ப்பு குறையவில்லை என்று கண்டார்கள். வேறு சில அறிஞர்கள் இதை மறுத்து எழுதினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது இது: அளவான உயர்வு வேலையைத் தானாக அழித்துவிடாது, ஆனால் எவ்வளவு உயர்வும் தாங்கும் என்றும் சொல்ல முடியாது.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

கடைக்கு ஆய்வாளர் வரலாம். வீட்டுக்குள் யாரும் வந்து பார்ப்பதில்லை. வீட்டு வேலைக் கூலியில் சட்டம் நிறைவேறுவது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

1. "பாத்திரத்துக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு" என்று பேசியிருந்தாலும், ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து மணிகளைக் குறித்துக்கொள்வோம். மாதச் சம்பளத்தை மணிகளால் வகுத்தால் நாம் கொடுப்பது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

2. கூலியை உயர்த்தும்போது நேரத்தைக் குறைக்காதிருப்போம். குறைத்தே ஆகவேண்டுமானால் வேலையையும் குறைப்போம்.

3. மீந்த சாப்பாடும் பழைய துணியும் கூலியில் சேராது. அவை அன்பளிப்பு.

4. ரமலானில் கொடுக்கும் ஜகாத்தும் கூலிக்கு ஈடாகாது. வேலைக்கு வருபவர் ஜகாத் பெறத் தகுதியுள்ளவராக இருந்தால் கொடுக்கலாம். ஆனால் கூலிப் பாக்கியை ஜகாத் கணக்கில் கழிக்க முடியாது. கூலி அவருடைய ஹக்.

5. நாமே கூலி வாங்குபவராக இருந்தால், வேலை நாட்களையும் மணிகளையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். குறைந்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்ற நபிவழிப் பாடம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். காலத்தில் கொடுப்பதோடு, அளவும் குறையாமல் கொடுக்கிறோமா என்பதை இந்த மாதச் சம்பளத்துக்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் பார்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.