மனையிற் கட்டிய மோட்டார் வண்டிக்குப் பிரேக்கு அமைத்தல்

ஓடும் வண்டியைக் கண்டு வியப்பார் பலர். அஃது எவ்வாறு நிற்கின்றது என எண்ணுவார் சிலரே. இங்கிலாந்தில் மோட்டார் வண்டியைத் தம் மனையிலேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 1957-ஆம் ஆண்டிற் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் சிறு வண்டி, உறுப்புக்களாகவும் விற்கப்பெற்று, வாங்கினோராலேயே பூட்டப்பெற்றது. பழைய வண்டியின் உறுப்புக்களைக்கொண்டு அத்தகையதொன்றைக் குறைந்த செலவில் அமைக்கும் முறையை, 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய நூல் பலர்க்கும் கற்பித்தது. அதற்குப் பிரேக்கு அமைக்குமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்திற் செலுத்திய அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டிற் பாஸ்கல் கண்ட உண்மை. காலால் 30 கிலோ விசையுடன் மிதிக்கின்றோம் எனக் கொள்வோம். மிதிநெம்பு அதனை 5 மடங்காக்க, 150 கிலோவாகும். முன் சக்கரங்கட்கு ஒன்றும் பின் சக்கரங்கட்கு ஒன்றுமாக இரண்டு மாஸ்டர் சிலிண்டர் வைத்துச் சமமாகப் பங்கிடின், ஒவ்வொன்றும் 75 கிலோ பெறும். சிலிண்டரின் பரப்பு 2.5 சதுர சென்டிமீட்டராயின், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ அழுத்தம் உண்டாகும். சிலிண்டரைச் சிறிதாக்கின் அழுத்தம் மிகும். ஆயின் மிதி நெடிது செல்லவேண்டும். ஒன்றைப் பெறின் மற்றொன்றை இழத்தல் இயற்கை நியதி. ஒரு வழி பழுதுபடினும் மற்றொன்று உதவும் என்பதே இரண்டு சிலிண்டர் வைப்பதன் பெரும்பயன்.

நிற்க. வண்டி விரைவு தளருங்கால் அதன் பாரம் முன்னோக்கிச் சாயும். 600 கிலோ எடையை முன்னும் பின்னும் ஒப்பத் தாங்கும் வண்டியொன்றில், எடையில் 10-இல் 8 பங்கு தடைவிசை செலுத்துவோமாக. பாரமையம் 0.45 மீட்டர் உயரத்திலும், சக்கரங்களின் இடைத்தூரம் 2.4 மீட்டராகவும் இருப்பின், 90 கிலோ முன்னே பெயரும். முன் 390, பின் 210 ஆகும். ஆதலின் முன் சக்கரங்கட்கே மிகுந்த தடை வேண்டும். அவை முதலிற் சறுக்கினால் வண்டி திரும்பாது நேரே செல்லும். பின் சக்கரங்கள் முதலிற் சறுக்கினாலோ வண்டி சுழன்றுவிடும். பிறிதொரு வண்டியின் பிரேக்கை அப்படியே பூட்டுவோர் தவறுவது இங்கேதான். பங்கீட்டுக் கோலைத் திருத்தி இதனைச் சரிசெய்தல் வேண்டும்.

இனிப் பிரேக்குத் திரவம். டாட் 4 வகை புதிதாயின் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உண்ட பின்னர் அவ்வெல்லை 155 வரை தாழலாம். கொதித்தெழும் ஆவி அமுங்குமாதலின் மிதி வீணே தாழும். குழாயில் தங்கிய காற்றும் அவ்வாறே கெடுக்கும். காற்றை வெளியேற்றும் முனை காலிப்பரின் மேற்புறத்தே இருத்தல் இன்றியமையாதது. இடக் காலிப்பரை வலப்புறம் மாற்றிப் பூட்டின் முனை கீழாகிக் காற்று மேலே தங்கிவிடும். ஒருவர் மிதிக்க, மற்றொருவர் முனையைத் திறந்து, மிதியை விடுமுன் மூடவேண்டும்.

பின்னர் மிதியை வலிந்து அழுத்திப்பிடித்து, இணைப்புக்களிற் கசிவுண்டா என நோக்குக. மக்கள் நடமாட்டமற்ற வெளியில் மெல்ல ஓட்டிச் சோதிக்க. பிரிட்டனில் 2009 முதல் இத்தகைய வண்டிகட்குத் தனி ஒப்புதற் சோதனை நடைபெறுகின்றது. ஆயினும் முதற் சோதகர் நம் மனச்சான்றே. வீதியைக் கடக்கும் சிறுவன் வண்டியைக் கட்டினார் யாவரென அறியான். அது நிற்கும் என நம்பியே அடிவைக்கின்றான். அந்நம்பிக்கையைப் பொய்யாக்காமை நம் கடன்.