வண்ணமா, கறுப்பு வெள்ளையா? திருவட்டாற்றுப் படங்களை வைத்து ஒரு வழிகாட்டி

திருவட்டாற்றை அடுத்த மாத்தூர் தொட்டிப்பாலத்தை ஆடி மாதம் எடுத்தால் சுற்றிலும் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே 115 அடி உயரத்துக்கு எழும் கான்கிரீட் தூண்களைப் பார்த்தால்தான் பள்ளத்தின் ஆழம் புரியும். பச்சையை எடுத்துவிட்டால் ஆழமும் போய்விடும். 1966-இல் கட்டிய இதே பாலத்தின் அடியில் நின்று, வரிசையாக விலகிப்போகும் 28 தூண்களை மட்டும் எடுத்தால் வண்ணம் தேவையே இல்லை. அங்கே பேசுவது நிழல். படத்தைத் தாங்குவது நிறமா, வெளிச்சமா என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எடுக்கும்போது எப்போதும் வண்ணத்திலேயே எடுங்கள். முடிந்தால் ரா ஃபைலாக. போனில் மோனோ ஃபில்டர் போட்டு எடுத்தால் போன நிறம் திரும்பி வராமலே போகலாம். திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சாச்சுரேஷனை முழுதாக இறக்கிப் பாருங்கள். எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை என்றால் அது கறுப்பு வெள்ளைக்கு உரிய படம். ஆனால் இது சோதனைதான், இதையே முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். நிறத்தைச் சாம்பலாக்கப் பரவலாகப் பயன்படும் கணக்கு ஒன்றில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. அதனால் சிவந்த ஓட்டுக்கூரையும் பின்னால் நிற்கும் ரப்பர் மரங்களும் ஒரே சாம்பலாகிப் போகலாம். லைட்ரூமில் உள்ள கறுப்பு வெள்ளை மிக்ஸரில் சிவப்பையும் ஆரஞ்சையும் கொஞ்சம் ஏற்றி, பச்சையை இறக்குங்கள். கூரை தனியே எழுந்து வரும். நீலத்தை இறக்கினால் மேகம் துலங்கும். ரொம்ப இறக்கினால் வானத்தில் புள்ளி தட்டும்.

மிக்ஸரில் ஆளின் முகம்தான் பெரிய சோதனை. விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுகிறவரை எடுத்திருக்கிறீர்கள்: சிரட்டையில் வெள்ளைப் பால், கத்தி போன தடத்தில் ஈரம், பின்னால் இருட்டு. கறுப்பு வெள்ளைக்கென்றே அமைந்த காட்சி. கூரைக்கு ஏற்றியதுபோல இங்கேயும் ஆரஞ்சை ஏற்றினால் அவர் மேனி வெளுத்துவிடும். அது அவர் முகமே அல்ல. கறுத்த மேனியைக் கறுப்பாகவே விடுங்கள். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழுந்த வெளிச்சத்தை மட்டும் பிரஷ்ஷால் லேசாகத் தூக்கினால் போதும்.

ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிரகாரத்துக் கல்தூண்களில் விளக்கேந்திய பாவைச் சிற்பங்கள் உண்டு. படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சன்னிதிப் பக்கம் கேமரா வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சம் விழும் நேரம் அமைந்தால் சிற்பத்தைக் கறுப்பு வெள்ளையில் தாராளமாக மாற்றலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சேர்த்துவைத்திருக்கும் பழைய கோயில் படங்களைப் பார்த்தால், உளியின் வேலைப்பாடு கறுப்பு வெள்ளையில் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பது விளங்கும். கான்ட்ராஸ்ட்டை ஏற்றும்போது நிழலுக்குள் இருக்கும் கல் மொத்தமாக இருண்டுவிடாமல் பாருங்கள்.

திரி எரியும் விளக்கு படத்தில் இருந்தால் வண்ணத்தை விடாதீர்கள். ஒரு பக்கம் எண்ணெய் விளக்கின் மஞ்சள், மறுபக்கம் டியூப்லைட்டின் நீலம் என்றால் முதலில் வொயிட் பேலன்ஸில் சரிசெய்யுங்கள். அதிலும் சரியாகாமல் முகம் இரண்டு நிறமாகவே நின்றால் கறுப்பு வெள்ளைக்குப் போகலாம். மங்கிய, ஆடிப்போன படத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். குறை இன்னும் பளிச்சென்று தெரியும்.

வண்ணம், கறுப்பு வெள்ளை இரண்டையும் சேமித்து, மறுநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிண்ட் போடுவதானால் முதலில் சிறிய அளவில் ஒன்று போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வண்ணத் தாளில் அடிக்கும் கறுப்பு வெள்ளையில் சில சமயம் பச்சையோ ஊதாவோ ஏறியிருக்கும். ஸ்டுடியோக்காரரிடம் சொன்னால் சரிசெய்து தருவார்.