இரண்டாவது குடை



போன பருவ விடுமுறையில் நண்பன் ஒருவன் தன் செல்போனில் ஒரு படம் காட்டினான். துணிச் சிறகில் தொங்கியபடி ஒருவர் வானத்தில் கரணம் போடுகிறார். திடீரென்று சிறகு மடங்கி, கயிறுகள் முறுக்கிக்கொண்டன. "அவ்வளவுதான், ஆள் காலி" என்றேன். அவரோ இடுப்போரம் கை விட்டு ஒரு பொட்டலத்தை இழுத்து வீசினார். வெள்ளைக் குடை ஒன்று விரிந்தது. ஆள் பிழைத்தார். அன்றிலிருந்து அந்தப் பொட்டலத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சிறகும் சாகசமும்

பாராகிளைடருக்குக் கம்பியோ சட்டமோ கிடையாது. முன்பக்கத் திறப்புகள் வழியே காற்று புகுந்து துணி அறைகளை உப்ப வைப்பதால்தான் அது சிறகாகிறது. நம் நாட்டில் இதற்குப் பேர்போன இடம் இமாசலப் பிரதேசத்து பீர் பில்லிங். 2015-ல் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது.

காற்று தாறுமாறானால் சிறகு மடங்கும். பெரும்பாலும் தானே திறந்துகொள்ளும். ஆனால் 'அக்ரோ' என்னும் சாகசப் பறத்தலில் வேண்டுமென்றே எல்லை வரை போகிறார்கள். ஸ்பெயினின் ராவுல் ரோட்ரிகஸ் குழுவினர் 1990-களின் இறுதியில் உருவாக்கிய 'சாட்' சுழற்சியில், சிறகு முன்னோக்கியும் ஆள் பின்னோக்கியும் சுற்றுவார்கள்! அதனால்தான் அக்ரோ வீரர்கள் ஒன்றுக்கு இரண்டாக ரிசர்வ் பாராசூட் கட்டிக்கொள்கிறார்கள். புது வித்தையை ஏரி அல்லது கடலுக்கு மேலே, கீழே படகை நிறுத்தி வைத்துப் பழகுகிறார்கள்.

நான்கு விதிகள்

1. உயரம் இருக்கும்போதே முடிவெடு. சுழன்று விழும் சிறகு நொடிக்கு 20 மீட்டர் கூட இறங்கும். 100 மீட்டர் உயரம் என்றால் கையில் 5 நொடிதான். "இன்னொரு தடவை சரி பண்ணிப் பார்ப்போம்" என்பதற்கு நேரமில்லை.

2. கைப்பிடியைப் பார், பிடி, இழு, காலி இடம் பார்த்து வீசு. புறப்படும் முன்பே அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளணும்.

3. குடை விரிந்ததும் பழைய சிறகை இழுத்துச் சுருட்டு. இரண்டும் எதிரெதிரே இழுத்தால் இறங்கும் வேகம் கூடும். கால்களைச் சேர்த்து, தரை தொட்டதும் உருண்டுவிடு.

4. மடித்து வைத்ததை மறந்துவிடாதே. ஈரத்தாலும் நெடுநாள் அழுத்தத்தாலும் துணி ஒட்டிக்கொண்டால் திறக்கத் தாமதமாகும். தயாரிப்பாளர் சொல்லும் கெடுவுக்குள், பொதுவாக 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், பிரித்துக் காற்றாட விட்டு மறுபடி மடிக்கணும்.

ஒரு சின்னக் கணக்கு

இ.என். 12491 என்ற ஐரோப்பியத் தர விதிப்படி ரிசர்வ் குடை நொடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. நாம் படித்த சூத்திரம்தான்: வேகத்தின் வர்க்கத்தை 2g-ஆல் வகுத்தால் 1.54 மீட்டர். அதாவது ஐந்தடிச் சுவரிலிருந்து குதிப்பது போல. கால் வலிக்கும், உயிர் இருக்கும்.

நம் இஸ்ரோவும் இதைத்தான் நினைக்கிறது. ககன்யான் விண்கலத்துக்குப் பிரதான பாராசூட் மூன்று. பத்திரமாக இறங்க இரண்டே போதும். 2022 நவம்பர் 18-ல் உத்தரப் பிரதேசத்து பாபினாவில் 5 டன் எடையை விமானத்திலிருந்து இறக்கி, ஒரு பாராசூட் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்றே சோதித்தார்கள். 'கெட்டுப்போகாது' என்று நம்பாமல், 'கெட்டுப்போனால்?' என்று கேட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு

இதெல்லாம் உனக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். எங்கப்பா ஒரகடம் பக்கம் கம்பெனி ஷெட்டுகளுக்குக் கூரை ஷீட் போட்டவர். நான் ஏழாவது படிக்கும்போது இருபதடி உயரத்திலிருந்து விழுந்தார். பெல்ட் கட்டியிருந்தார். ஆனால் அதற்கு ஒரே கொக்கி. அடுத்த இடத்துக்கு நகரக் கழற்றினார், மாட்டுவதற்குள் கால் வழுக்கியது. அதே சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். தரையில் மோதிய வேகம் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். ரிசர்வ் குடையின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு, மோதும் ஆற்றலோ நான்கு மடங்கு. இப்போது காலில் பிளேட்டோடு வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்.

இரண்டு கொக்கி பெல்ட் பற்றி அவரிடம் சொன்னேன். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றணும், எந்த நேரமும் ஒன்று மாட்டியே இருக்கும். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அரை நிமிஷ வேலைடா அது" என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். நண்பர்களே, நாளை வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரக் கம்பெனிகளில் நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். நம் பேச்சைக் கேட்டு யாரோ ஒருவருடைய அப்பா மேலே ஏறுவார். ஏறும் முன் இரண்டாவது கொக்கி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புவோம். அந்த அரை நிமிஷத்தை நாம் கொடுப்போம்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு